ஒப்புவிக்காத பாடம்

வீதிச் சோதனைச் சென்றியில் நின்ற சிப்பாய் எங்கள் அடையாள அட்டைகளைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தான். தங்கையின் கணிதக் கொப்பியைத் தரவில்லை. அதில் அம்புக்குறிகளும் கிரேக்க எழுத்துகளும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் கோடுகளும் இருந்தன. ஒரு வரைபடத்தைப் பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தான். பிறகு மணல் மூட்டைகளுக்குப் பின்னால் இருந்த ஒருவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தான். நாங்கள் வெயிலில் நின்றோம். எங்கள் பஸ் போய்விட்டது. அடுத்ததும் வந்து போனது. கடைசியில் எங்களைப் போகச் சொன்னார்கள். கொப்பி வரவில்லை. கொழும்புப் பத்திரிகை ஒன்றின் பிரதேச நிருபர் என்று காட்டும் அட்டை என்னிடம் இருந்தது. போகவாவது விட்டது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

அன்றைக்குப் பிறகு தங்கை எழுத்தில் எதையும் வைத்துக்கொண்டு சென்றியைக் கடக்கவில்லை.

தொண்ணூறுகளின் முதல் பாதி அது. நாங்கள் ஏறாவூர்க்காரர், முஸ்லிம்கள். ஊர்ப் பாடசாலையில் உயர்தர வகுப்பில் கணிதம் படித்த பெண்பிள்ளைகள் ஐந்து பேர். என் தங்கை அவர்களில் ஒருத்தி. தூய கணிதம் படிப்பித்தவர் களுதாவளையைச் சேர்ந்த தமிழ் ஆசிரியை. மட்டக்களப்பு நகரில் தங்கியிருந்து தினமும் எங்கள் பாடசாலைக்கு வந்து போனவர். பிறகு கொலைகள் நடந்தன. எங்கள் பக்கமும் நடந்தன, அவர்கள் பக்கமும் நடந்தன. தமிழர்கள் எங்கள் ஊருக்குள் வரவில்லை. நாங்கள் அவர்களுடைய ஊர்களுக்குள் போகவில்லை. ஆசிரியை களுதாவளைக்கே திரும்பிப் போய்விட்டார். பாடசாலை சில காலம் அகதி முகாமாக இருந்தது. மறுபடி திறந்தபோது நேரசூசியில் கணிதத்துக்குரிய கட்டங்கள் வெறுமையாக இருந்தன. பரீட்சை மட்டும் வரும் என்று சொன்னார்கள்.

பள்ளிவாசல் நிர்வாகசபை இதைப் பற்றிப் பேசிய அன்று நான் செய்தி எடுக்கப் போயிருந்தேன். பிள்ளைகளைக் கலைப் பிரிவுக்கு மாற்றிவிடலாம் என்பதே பெரும்பாலானோரின் கருத்து. பெண்பிள்ளைகள்தானே என்று ஒருவர் சொன்னார். வேறொருவர், உயிர் தப்பியதே போதும், இப்போது கணக்கா முக்கியம் என்று கேட்டார். ஊர் அரபுக் கல்லூரியின் தலைவரான ஹஸ்ரத் அதுவரை பேசவில்லை. மெலிந்த மனிதர், வெற்றிலை போடுவார், பேசுவதற்கு முன் எழுந்துபோய்த் துப்பிவிட்டு வருவார். அன்றும் அப்படியே போய் வந்தார்.

"ஊருல ஒருத்தருக்கும் தெரியாத இல்மு ஒண்டு இரிக்கிண்டா அது ஊருட குத்தம்," என்றார்.

இல்மு என்றால் அறிவு. அறிவை அவர் ஓதிய நூல்கள் இரண்டாகப் பிரித்திருந்தன. தொழுகை, நோன்பு, வியாபாரத்தில் ஆகுமானது ஆகாதது, இவற்றை ஒவ்வொருவரும் தனித்தனியே கற்றாக வேண்டும். வைத்தியம், கணக்கு, நெசவு போன்றவற்றை ஊரில் சிலர் கற்றால் போதும்; மற்றவர்களின் கடமை அதோடு நீங்கிவிடும். ஆனால் அந்தச் சிலரும் இல்லாமல் போனால் ஊரில் இருக்கும் ஒவ்வொருவரும் குற்றவாளி. இதற்குப் பர்ளு கிபாயா என்று பெயர். நான் அதைக் குறித்துக்கொண்டேன்.

புடவைக்கடை முதலாளி ஒருவர் சிரித்துக்கொண்டு கேட்டார்: "அப்ப ஹஸ்ரத், நம்மட ஊருல பல்லுப் புடுங்கவும் ஆளில்ல. அதும் நம்மட தலையிலயா?"

"அதும்தான். நீங்க நாளைக்கே படிக்கப் போகலாம்."

சபையில் சிரிப்பு எழுந்தது. அந்த மாதங்களில் அங்கே சிரிப்புச் சத்தம் கேட்டது அதுதான் முதல் தடவை என்று பிறகு யோசித்தபோது பட்டது. அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

முடிவு இப்படி அமைந்தது. ஆசிரியை எங்கள் ஊருக்கு வர முடியாது. ஐந்து பிள்ளைகளையும் சென்றிகளைத் தாண்டி அனுப்பப் பெற்றோர் சம்மதிக்கமாட்டார்கள். நிருபர் அட்டை வைத்திருக்கும் காக்காவோடு, அதாவது அண்ணனான என்னோடு, என் தங்கை மட்டும் சனிக்கிழமைகளில் நகரத்துக்குப் போவாள். ஆசிரியையும் களுதாவளையிலிருந்து அங்கே வருவார். தங்கை கேட்டு வந்ததை மற்ற நால்வருக்கும் சொல்லிக்கொடுப்பாள். ஹஸ்ரத் ஒரு நிபந்தனை வைத்தார். கேட்டதை அப்படியே வந்து சொல்லக்கூடாது. அடுத்த சனிக்கிழமை ஆசிரியையின் முன்னால் முழுவதையும் ஒப்புவிக்க வேண்டும். அவர் சரி என்ற பிறகே நால்வருக்கும் போக வேண்டும்.

அரபுக் கல்லூரியில் நடைமுறையே அதுதான். சான்றிதழைக் கட்டடம் கொடுப்பதில்லை, ஆள் கொடுப்பார். மாணவர் ஒரு நூலை ஆசிரியரின் வாயால் கேட்கிறார். அவர் முன்னால் திருப்பி ஒப்புவிக்கிறார். இனி நீ இதைப் பிறருக்குச் சொல்லலாம் என்று ஆசிரியர் அனுமதி கொடுக்கிறார். இஜாஸா என்பது அந்த அனுமதி. அந்த ஒரு நூலுக்கு மட்டும் அது செல்லும். அடுத்த நூலுக்கு மறுபடியும் முதலிலிருந்து. அனுமதி கொடுத்தவருக்கு அனுமதி கொடுத்தவர் யார், அவருக்கு யார் என்று பின்னோக்கிச் சொல்லிக்கொண்டே போவார்கள். இடையில் ஒரு பெயர் விட்டுப்போனால் சங்கிலி அறுந்தது என்று அர்த்தம். கொப்பி பறிபோன பிறகு ஒருநாள், கணிதத்துக்கு இது எதற்கு என்று ஹஸ்ரத்திடம் கேட்டேன். கொப்பி கொண்டுபோக முடியாத பாதையில் வேறு என்ன இருக்கிறது என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

நகரத்தில் வாவியோரம் ஒரு தேவாலயத்தின் பக்க அறையைப் பாதிரியார் தந்திருந்தார். இந்து ஆசிரியை, முஸ்லிம் மாணவி, கிறிஸ்தவ அறை. இதை நல்ல சிறப்புக் கட்டுரையாக எழுதலாம் என்று எனக்குத் தெரியும். எழுதவில்லை. அச்சில் வந்தால் மூவருக்கும் ஆபத்து.

முதல் சனிக்கிழமை, கொப்பியைப் பறிகொடுத்துவிட்டு வெகுநேரம் பிந்திப் போய்ச் சேர்ந்தோம். ஆசிரியை காத்திருந்தார். நாற்பதைத் தாண்டியவர், கனத்த கண்ணாடி, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகியிருந்தார். அந்தக் கொலைகளில் எங்கள் மாமா போயிருந்தார். ஆசிரியையின் தம்பி மகன் போயிருந்தான். இரு தரப்புக்கும் இது தெரியும். யாரும் யாரையும் விசாரிக்கவில்லை. பஸ் கிடைத்ததா என்று அவர் கேட்டார். கிடைத்தது என்றேன். தங்கை நடந்ததைச் சொன்னாள். ஹஸ்ரத்தின் நிபந்தனையையும் சொன்னாள்.

"உங்கட மௌலவி பொல்லாத ஆள்போல," என்றார் ஆசிரியை. "என்னை விட இறுக்கம். சரி புள்ள, அப்ப எழுத வேணாம். காதைத் தா."

அதன்பின் எல்லாச் சனிக்கிழமைகளும் ஒரே மாதிரி நடந்தன. முதலில் போன கிழமைப் பாடம். தங்கை கரும்பலகையில் எழுதி எழுதி விளக்குவாள். ஆசிரியை கடைசி வாங்கில் மாணவிபோல இருந்து கேட்பார். இடையில் குறுக்கிடமாட்டார். முடிந்ததும் கேள்விகள் வரும். உன் வகுப்பில் மெதுவாகப் படிக்கிறவள் இந்த இடத்தில் என்ன கேட்பாள், அதற்கு நீ என்ன சொல்வாய்? தங்கை தடுமாறினால், அந்தப் பகுதி மறுபடி. சரியாக வந்தால் கரும்பலகையை அழித்துக்கொண்டே சொல்வார்: "போதும். கொண்டு போ."

கொண்டு போ என்ற அந்த இரண்டு சொற்கள்தான் அவர் கொடுத்த இஜாஸா. அவருக்கு அந்த அரபுச் சொல் தெரியாது.

பிறகு புதிய பாடம். பிள்ளை தாங்குமளவுக்கே கொடுக்க வேண்டும், அதற்கு மேல் கொடுப்பது ஆசிரியரின் குற்றம் என்று ஹஸ்ரத் ஒருநாள் சொல்லியிருந்தார். அதே வழக்கம் ஆசிரியையிடமும் இருந்தது. தங்கை இன்னும் கொஞ்சம் என்று கேட்பாள். பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. இண்டைக்கு இவ்வளவுதான் என்று சோக்கட்டியைப் பெட்டிக்குள் போட்டுவிடுவார்.

நான் வாசற்பக்கம் வீதியைப் பார்த்தபடி கதிரையில் இருப்பேன். வீதியைக் கவனிப்பது என் வேலை. கல்லடிப் பாலத்துப் பக்கமிருந்து எத்தனை ட்ரக் வருகிறது, கடைகள் பூட்டுகிறார்களா, ஆட்கள் வேகமாக நடக்கிறார்களா என்று பார்ப்பேன். ஜன்னல் வழியாக வாவி தெரியும். தோணிகள் குறைவு. அந்த மாதங்களில் எங்கள் வீட்டில் வாவி மீன் வாங்குவதில்லை. காரணத்தை யாரும் சொன்னதில்லை. உம்மா கடல் மீன் என்று கேட்டு வாங்கினார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கை எங்கள் வீட்டு முன்னறையில் நால்வருக்கும் பாடம் சொல்வாள். கதவுப் பலகைதான் கரும்பலகை. அனுமதி கிடைத்ததை மட்டும் சொல்வாள். அதற்கு மேல் ஒரு வரி கேட்டாலும் சொல்லமாட்டாள். "இவ பெரிய ஹஸ்ரத்து, தாடிதான் இல்ல," என்று ஒருத்தி கேலி செய்தாள். தங்கை கேலிக்குச் சிரித்தாள், ஆனால் இளகவில்லை. நாலு பேரும் கேட்டதை ஒவ்வொருவராக எழுந்து ஒப்புவிக்க வேண்டும் என்று வைத்தாள். உம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, இது கணக்கு வகுப்பா ஓதற பள்ளியா என்று முணுமுணுத்துக்கொண்டு போவார்.

கடைசியாக மிஞ்சியது தொகையீடு. அதிலும் ஒரு பகுதி. இரண்டு சார்புகள் பெருக்கப்பட்டு நிற்கும்போது அவற்றை எப்படித் தொகையிடுவது என்ற முறை. அதற்கு ஒரு சூத்திரம் உண்டு. சூத்திரத்தின் நடுவில் ஒரு குறி வரும். பரீட்சையில் இதிலிருந்து கேள்வி நிச்சயம் வரும் என்று ஆசிரியை சொல்லியிருந்தார். இந்தப் பாடம் கிடைத்தால் பாடத்திட்டம் முடிந்துவிடும்.

அந்தச் சனிக்கிழமை அவர் அதைச் சொல்லிக்கொடுத்தார். காற்று அதிகம். அறைக் கதவு அடித்துக்கொண்டே இருந்ததால் செங்கல் ஒன்றை எடுத்து முட்டுக்கொடுத்தேன். ஆசிரியை சாம்பல் கரை போட்ட வெள்ளைச் சேலை உடுத்திருந்தார். இரண்டு ட்ரக்குகள் பாலத்தைக் கடந்து வந்தன, ஒன்றில் விறகு. சைக்கிளில் பனங்கிழங்கு கொண்டுபோன ஒருவரை மறித்து இறக்கிப் பார்த்தார்கள். இதெல்லாம் எனக்கு இன்றும் தெளிவாக நினைவிருக்கிறது. பாடம் முடிந்தது. தங்கை, பரீட்சைக்குக் காலமில்லை, இப்போதே ஒப்புவிக்கட்டுமா என்று கேட்டாள்.

"ஒரு கிழமை மனசுல கிடக்கட்டும் புள்ள. சூட்டோட சொன்னா நான் சொன்னதைத்தான் சொல்லுவ. அடுத்த கிழமை உன்ட பாடமாச் சொல்லு."

அடுத்த சனிக்கிழமை அவர் வரவில்லை. அறை பூட்டியிருந்தது. பாதிரியார் எங்களை உள்ளே கூப்பிட்டு இருக்கச் சொன்னார். கல்முனை வீதியில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் மேல் வியாழக்கிழமை சூடு விழுந்ததாகவும் அதில் ஆசிரியை இறந்துவிட்டதாகவும் சொன்னார். சுட்டது யார் என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்டேன். ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள் என்றார். தங்கை எழுந்து என்னோடு வெளியே வந்தாள். பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்தாள். சென்றியில் இறங்கச் சொன்னபோது இறங்கி, ஏறச் சொன்னபோது ஏறினாள்.

மாலையில் கடைத்தெருவிலிருந்து தொலைபேசியில் செய்தி சொன்னேன். நாலு வரி. இனந்தெரியாதோர் என்றும், கூறப்படுகிறது என்றும் போட்டேன். அடுத்த நாள் பத்திரிகையில் இரண்டு வரி வந்திருந்தது. ஆசிரியை என்ற சொல் வெட்டுப்பட்டிருந்தது. பெண் ஒருவர் என்று இருந்தது.

அந்த ஞாயிறு நாலு பேரும் வந்தார்கள். அவர்களுக்கும் அவர் ஆசிரியைதான். இருந்தார்கள், அழுதார்கள், தேத்தண்ணி குடித்தார்கள். பிறகு ஒருத்தி மெல்லக் கேட்டாள், கடைசிப் பாடம் உனக்குத் தெரியும்தானே என்று. தெரியும், ஆனால் கொண்டு போ என்று அவர் சொல்லவில்லை என்றாள் தங்கை. பரீட்சைக்கு இரண்டு மூன்று கிழமைதான் இருந்தது. ஊரில் வேறு யாருக்கும் அந்தப் பாடம் தெரியாது, பார்க்கப் புத்தகமும் இல்லை.

தங்கை ஹஸ்ரத்திடம் போனாள். நானும் கூடப் போனேன். அவர் தன் வீட்டு முற்றத்தில் கிடுகு பின்னுகிறவரோடு பேசிக்கொண்டிருந்தார். எழுந்துபோய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, முழுவதையும் கேட்டார். ஆசிரியைக்காக ஒரு வார்த்தை சொன்னார். நல்லவ, தன் வேலையைச் செய்தவ என்று. பிறகு தன் துறையில் இதற்கு வழி இருக்கிறது என்றார். ஒரு செய்தியைத் தனக்கு முன்னிருந்தவரிடமிருந்து சொல்பவர், அது எப்படித் தன்னிடம் வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவர் சொல்லக் கேட்டேன் என்பதற்கு ஒரு சொல். அவர் முன் ஒப்புவித்தேன் என்பதற்கு வேறு சொல். எழுத்தில் கண்டெடுத்தேன் என்பதற்கு இன்னொன்று. ஒன்றை மற்றொன்றாகச் சொல்லிவிட்டால் அவர் பொய்யராகக் கணக்கிடப்படுவார். வகை பிரித்துச் சொல்லிவிட்டால், எடுத்துக்கொள்வது கேட்பவரின் பொறுப்பு.

பத்திரிகை மேசையில் எனக்குக் கற்பித்ததும் இதைத்தான். நேரில் கண்டது, ஒருவர் சொன்னது, கூறப்படுவது.

"சொல்லிக் குடுங்க மகள்," என்றார் ஹஸ்ரத். "ஆனா முதல்ல இதைச் சொல்லிட்டுத் தொடங்குங்க. கேட்டன், ஒப்புவிக்கல்ல."

தங்கை அப்படியே செய்தாள். நால்வரும் தலையாட்டிவிட்டுக் கொப்பியைத் திறந்தார்கள். அவள் சூத்திரத்தைக் கதவில் எழுதினாள். அவர்கள் எழுதிக்கொண்டார்கள். ஒவ்வொருவராக எழுந்து ஒப்புவித்தார்கள். நாலு பேரும் ஒரு பிசகும் இல்லாமல் சொன்னார்கள்.

பரீட்சையில் அந்தக் கேள்வி வந்தது. முடிந்து வீட்டுக்கு வரும் வழியில் ஐவரும் விடைகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அந்தக் கேள்விக்கு ஐந்து பேருடைய விடையும் ஒன்று. மற்றக் கேள்விகளைப் பற்றி வழியெல்லாம் தர்க்கம் நடந்ததாம். இதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

பெறுபேறு வந்தபோது ஒருத்தி பொறியியல் பீடத்துக்குப் போனாள். தங்கைக்குச் சில புள்ளிகள் போதவில்லை. அவள் ஆசிரியர் பயிற்சிக்குப் போனாள். அங்கே இரண்டாம் வருடம், விரிவுரையாளர் ஒருவர் அந்தச் சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதினார். நடுவில் சயக் குறி. தங்கை அவரிடம் எழுந்து கேட்டிருக்கிறாள். ஒப்புவிக்காத பாடத்தில் அவள் சொல்லிக்கொடுத்தது சகக் குறி, கழித்தலுக்குப் பதிலாகக் கூட்டல். ஐந்து பேரும் எழுதியதும் சகக் குறிதான். அவளுக்குப் போதாமல் போன புள்ளிகள் அதனால் போனவையா என்று அறிய வழியில்லை. பொறியியலுக்குப் போனவளும் அதையே எழுதியிருந்தாள்.

விடுமுறைக்கு வந்தபோது என்னிடம் கேட்டாள். நான் மேசையில் செய்தி எழுதிக்கொண்டிருந்தேன்.

"காக்கா, கடைசிப் பாடம் நடந்த அண்டைக்கு நீங்களும் இருந்தீங்க. மிஸ் கரும்பலகையில நடுவுல என்ன போட்டா? சகவா, சயவா?"

சேலைக் கரையின் நிறம் தெரியும். செங்கல் தெரியும். விறகு ட்ரக் தெரியும். அன்று கரும்பலகையின் பக்கம் நான் ஒரு தடவையாவது திரும்பியிருப்பேன்.

"தெரியா," என்றேன்.

"நல்லா யோசிச்சா?"

"யோசிச்சாலும் தெரியா."

"சரி. அப்ப என்ட பிழைதான்."

ஆசிரியையின் பிழையாகவும் இருக்கலாம், காற்று, சத்தம், யாருக்கும் அன்று மனம் சரியில்லை என்று சொன்னேன். அவள் ஏற்கவில்லை. யார் போட்ட பிழையாக இருந்தாலும் அடுத்த கிழமை ஒப்புவித்திருந்தால் அந்த வாங்கில் வைத்து அது பிடிபட்டிருக்கும். அதற்காகத்தான் அந்தக் கிழமை இருந்தது என்றாள். பிறகு வேறொன்றும் சொன்னாள். அந்த விடையைப் பின்னோக்கி வகையிட்டு, தொகையிட்டதைத் திருப்பிப் போட்டுத் தொடங்கிய இடத்துக்கே வருகிறதா என்று பார்த்திருந்தால் அவர்களே கண்டுபிடித்திருக்கலாம். சின்ன வேலை. ஐந்து பேரில் ஒருத்தியும் செய்யவில்லை. "கேட்டன், ஒப்புவிக்கல்ல" என்று சொல்லித்தான் அவள் தொடங்கினாள். அதைக் கேட்டு யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. பிழையை ஒழுங்காக ஒப்புவித்தார்கள்.

அதைக் கேட்டபோது நான் எழுதிய செய்திகளை நினைத்தேன். கூறப்படுகிறது என்று போட்ட வரிகளை வாசகர்கள் எப்படி வாசித்தார்கள் என்று எனக்குத் தெரியும். நடந்தது என்றே வாசித்தார்கள். நாலு பத்திரிகைகள் ஒன்றையே எழுதினால் உறுதி என்றார்கள். நாலும் என்னிடமிருந்து போயிருக்கும்.

ஹஸ்ரத்திடம் இதைச் சொல்ல நினைத்தோம். அதற்குள் அவர் மௌத்தாகி அடக்கமும் முடிந்திருந்தது.

சில வருடங்களுக்கு முன், மரபான இஸ்லாமியக் கல்விச் சிந்தனை இன்றைய கற்பித்தலுக்கு எந்தளவு பொருந்தும் என்று ஆசிரியர் கருத்தரங்கு ஒன்றில் பேச என்னைக் கூப்பிட்டார்கள். ஆசிரியர்கள் நோட்டு எடுத்தார்கள். ஊரின் கடமை, பிள்ளையின் அளவு, ஆளிடமிருந்து ஆளுக்குப் போகும் அனுமதி, வந்த வழியைச் சொல்லும் ஒழுக்கம் என்று பேசினேன். இதையெல்லாம் இப்போது வேறு பெயர்களில் சுற்றுநிருபமாக அனுப்புகிறார்கள் என்று ஒருவர் எழுந்து சொன்னார். அது உண்மை. தொகையீட்டுக் குறியைப் பற்றி நான் பேசவில்லை. தங்கை மூன்றாவது வரிசையில் இருந்தாள்.

அவள் இப்போதும் எங்கள் ஊரில் உயர்தரத்துக்குக் கணிதம் படிப்பிக்கிறாள். ஒருமுறை பாடசாலை பற்றிய செய்திக்காகப் போனபோது அவளுடைய வகுப்பின் பின் வாங்கில் இருந்தேன். ஒரு பிள்ளை கரும்பலகையில் போன கிழமைப் பாடத்தை ஒப்புவித்தது. முடிந்ததும் விடையை எடுத்துப் பின்னோக்கி வகையிட்டுக் காட்டச் சொன்னாள். காட்டியது. சரியாக வந்தது. தங்கை பலகையை அழித்துக்கொண்டே, "போதும். கொண்டு போ," என்றாள்.

அதன் பிறகு ஒப்புவிப்பதற்கு அடுத்த பாடம் வந்தது, அந்தக் கடைசிப் பாடம். இரண்டு பெருக்கங்கள், நடுவில் சயக் குறி. ஒரு பிள்ளை எழுந்து ஒப்புவித்தது, பின்னோக்கியும் காட்டியது, ஒரு பிழையும் இல்லை. தங்கை தலையாட்டினாள், பலகையை அழித்தாள், இருக்கச் சொன்னாள். அந்தப் பாடத்துக்கு மட்டும் அவள் அந்த இரண்டு சொற்களைச் சொல்வதில்லை என்று பிறகு அறிந்தேன். தனக்குத் தரப்படாததைத் தான் தர முடியாது என்கிறாள். பிள்ளைகள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.